அது உங்களைத் துரத்தவில்லை: வெள்ளி எப்படிப் ‘பறக்கும் தட்டு’ ஆகிறது?

2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் காவலிருந்த இந்திய ராணுவ வீரர்கள், வானத்தில் இனம் தெரியாத ஒளிகளை 329 முறை குறித்துவைத்தார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து யாரோ உளவு ட்ரோன் விடுகிறார்கள் என்று சந்தேகம். விவகாரம் பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்குப் போனது. வானியலாளர்கள் ஆராய்ந்துவிட்டுச் சொன்ன பதில்: ஒன்று வியாழன் கோள், இன்னொன்று வெள்ளிக் கோள்.

செய்தி வெளியானதும் பலர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. இரவெல்லாம் கண் விழித்துப் பார்ப்பதே வேலையாக உள்ளவர்கள் அவர்கள். நம்மில் பலர் வானத்தைப் பார்க்கும் நேரத்தைவிட நூறு மடங்கு அதிகமாகப் பார்த்தவர்கள். அவர்கள் கண்ட ஒளி நிஜம், பார்வையிலும் கோளாறில்லை. பார்த்த ஒளிக்கு மூளை தானாகச் சேர்த்துக்கொண்ட சில விவரங்களில்தான் பிசகு. அந்த விவரங்கள் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பெயரைச் சரிசெய்வோம்

‘யுஎஃப்ஓ’ என்றாலே வேற்றுக்கிரகவாசிகளின் வாகனம் என்று பேச்சுவழக்கில் ஆகிவிட்டது. அந்தச் சுருக்கத்தின் விரிவோ ‘அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்’, அவ்வளவுதான். ‘தெரியாத’ என்ற சொல் பார்ப்பவரைப் பற்றியது, பொருளைப் பற்றியது அல்ல. மழையில் நனைந்து முகவரி அழிந்த கடிதம் ஒன்று வந்தால், அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை என்போம். அதற்காக அது வேறு உலகத்திலிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை ‘ப்ளூ புக்’ என்ற பெயரில் இத்தகைய தகவல்களைத் திரட்டி ஆராய்ந்தது. மொத்தம் 12,618 சம்பவங்கள். அவற்றில் 701 மட்டும் அடையாளம் காணப்படாதவையாக நின்றன. இந்த 701-ஐ ‘நிரூபிக்கப்பட்ட 701 விண்கலங்கள்’ என்பதுபோல் பேசுகிறவர்கள் உண்டு. அவை முகவரி அழிந்த 701 கடிதங்கள்.

‘பறக்கும் தட்டு’ என்ற பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்டு என்ற விமானி, அமெரிக்காவின் ரெய்னியர் மலைக்கு அருகே பட்டப்பகலில் ஒன்பது பொருள்கள் பறந்ததாகச் சொன்னார். தண்ணீர் மேல் தட்டைச் சுழற்றி எறிந்தால் எப்படித் தத்தித் தத்திப் போகுமோ அப்படிப் போயின என்று அவற்றின் அசைவை விவரித்தார். பத்திரிகைகள் அசைவைச் சொன்ன உவமையை உருவத்துக்கு மாற்றிவிட்டன. அதன்பிறகு மக்கள் பார்த்ததெல்லாம் தட்டு வடிவில் இருந்தன!

ஒற்றை ஒளிப்புள்ளியில் தூரம் தெரியாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் தண்டவாளத்தின் ஓரம் நிற்கிறீர்கள். நேர் எதிரே ரயிலின் விளக்கு மட்டும் தெரிகிறது. ரயில் ஒரு கிலோமீட்டரில் இருக்கிறதா, நான்கில் இருக்கிறதா? வருகிறதா, நிற்கிறதா? சத்தம் கேட்கும்வரை சொல்ல முடியாது.

பகலில் தூரத்தைச் சுலபமாகக் கணிக்கிறோமே, எப்படி? நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டும் ஒரே பொருளைச் சற்று வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்து மூளை தூரத்தை அளக்கிறது. அருகில் உள்ள பொருளுக்கு இது அருமையாக வேலை செய்யும். தொலைவு கூடக்கூட இரண்டு கண்ணுக்கும் ஒரே காட்சிதான் கிடைக்கும். பிறகு இந்த முறை உதவாது. அப்போது மூளை வேறு குறிப்புகளைத் தேடும்: மரம் எவ்வளவு பெரியது என்று தெரியும், அது சிறியதாகத் தெரிகிறது, ஆகவே தொலைவில் இருக்கிறது.

இரவு வானத்தில் இந்தக் குறிப்புகள் ஒன்றுகூடக் கிடையாது. பத்து மீட்டரில் பறக்கும் மின்மினியும், மிக நெருங்கும்போதுகூட ஏறத்தாழ 4 கோடி கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் வெள்ளியும் கண்ணுக்கு ஒரே மாதிரியான புள்ளிகள்தாம். ஆனால் மூளைக்கு ‘தெரியவில்லை’ என்று விட்டுவிடப் பிடிக்காது. அந்த மலை உச்சிக்கு மேல், இரண்டு கிலோமீட்டர் இருக்கும் என்று ஒரு தூரத்தைத் தானே வைத்துக்கொள்ளும். தூரத்தை வைத்த கணமே அளவும் வேகமும் சேர்ந்து வந்துவிடும், ஏனென்றால் மூன்றும் ஒரே கணக்கின் உறுப்புகள். இரண்டு கிலோமீட்டரில் இவ்வளவு வெளிச்சம் என்றால் பெரிய பொருளாகத்தான் இருக்க வேண்டும். சத்தமே இல்லை, ஆகவே சாதாரண விமானம் இல்லை. ஒவ்வொரு அனுமானமும் தர்க்கப்படி சரிதான். தொடங்கிய எண்தான் ஊகம்.

பயிற்சி பெற்றவர்களுக்கும் இது நேரும். 2011 ஜனவரியில் டொராண்டோவிலிருந்து சூரிச்சுக்கு அட்லாண்டிக் மேல் பறந்துகொண்டிருந்த ஒரு விமானத்தில், தூங்கி எழுந்த துணை விமானி வெள்ளியைப் பார்த்து, எதிரே ஒரு விமானம் வருகிறது என்று நினைத்தார். உண்மையிலேயே ஒரு விமானம் எதிரே வந்துகொண்டிருந்தது, ஆனால் 1,000 அடி கீழே. அதைக் கண்ணால் கண்டபோது தங்கள் மேல் மோதத்தான் வருகிறது என்று முடிவுசெய்து, விமானத்தின் முகப்பைச் சட்டென்று கீழே தள்ளினார். 14 பயணிகளுக்கும் 2 பணியாளர்களுக்கும் காயம்.

இதுவரை பார்த்தது: ஒளிப்புள்ளி ஒன்று திசையையும் பிரகாசத்தையும் மட்டுமே சொல்லும். தூரம், அளவு, வேகம் மூன்றும் நாம் சேர்ப்பவை.

ஏன் எப்போதும் வெள்ளியே மாட்டிக்கொள்கிறது?

சூரியன், நிலா இரண்டுக்கும் அடுத்தபடி வானில் வழக்கமாகத் தெரிபவற்றுள் மிகப் பிரகாசமானது வெள்ளி. அதைச் சுற்றியுள்ள கெட்டியான மேகம் தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. நட்சத்திரங்களில் முதலிடம் பிடிக்கும் சிரியஸைவிட வெள்ளி அதன் உச்சத்தில் 20 மடங்குக்கு மேல் ஒளிரும். நல்ல இருட்டான இடத்தில் வெள்ளியின் வெளிச்சத்தில் நிழலே விழும். இதை ஒருமுறை பார்த்தவர்கள் ‘நட்சத்திரம் எப்படி இவ்வளவு பிரகாசமாக இருக்கும்’ என்று கேட்க மாட்டார்கள். பார்க்காதவர்கள் கேட்பது நியாயம்.

பிரகாசம் மட்டும் காரணமில்லை. வெள்ளி வந்து போகும் விதமும் ஆளை ஏமாற்றும். சூரியனைச் சுற்றும் அதன் பாதை நம்முடைய பாதைக்கு உள்ளே அமைந்திருப்பதால், நம் வானில் அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே ஒன்று, அந்தி சாய்ந்ததும் மேற்கே தெரியும். இல்லையேல் பொழுது புலருமுன் கிழக்கே, விடிவெள்ளியாக. மாதக்கணக்கில் மாலையில் இருந்துவிட்டு ஒருநாள் காணாமல் போகும். கொஞ்ச நாளில் அதிகாலையில் தலைகாட்டும். இந்தச் சுற்று முழுதாக முடிய 584 நாள், அதாவது 19 மாதங்களுக்குச் சற்று மேல். வானத்தை வழக்கமாகப் பார்க்காத ஒருவர் திடீரென்று தலைநிமிர்ந்தால், போன மாதம் அங்கே இல்லாத ஒரு பெரிய விளக்கு தொங்கிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு வசதியும் உண்டு. துருவத்தை ஒட்டிய நாடுகளை விட்டுவிட்டால், நள்ளிரவில் வெள்ளி தெரிய வாய்ப்பில்லை. ‘ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தலைக்கு மேல் பார்த்தேன்’ என்று ஒருவர் சொன்னால் வெள்ளியை விடுதலை செய்துவிட்டு வியாழனை விசாரிக்கலாம். வியாழனுக்கு இரவு முழுக்க உலாவும் உரிமை உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை, இன்னும் சரியாகச் சொன்னால் 26 மாதங்களுக்கு ஒருமுறை, செவ்வாய் பூமியை நெருங்கிச் செந்நிறத்தில் பளிச்சிடும். நட்சத்திரங்களில் சிரியஸ், தென்வானில் அகத்தியர் என்று நாம் அழைக்கும் கனோபஸ், வடக்கே கபெல்லா ஆகியவை அடிக்கடி மாட்டுபவை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ட்ரோன் பீதி பரவியபோது, மேரிலாண்டின் முன்னாள் ஆளுநர் லாரி ஹோகன் தன் வீட்டின் மேல் பல ட்ரோன்களைப் பார்த்ததாக ஒரு காணொளியைப் பகிர்ந்தார். அதில் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்தன.

அசையாதது எப்படி அசைகிறது?

‘சரி, பிரகாசமாகத் தெரிந்தது. ஆனால் நகர்ந்ததே! என் கண்ணால் பார்த்தேன்’ என்பதுதான் அடுத்து வரும் பேச்சு. உண்மைதான், நகர்ந்ததைப் பார்த்திருப்பார்கள். குறைந்தது மூன்று வழிகளில் நகரும்.

எல்லோருக்கும் தெரிந்த வழியிலிருந்து தொடங்கலாம். பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் மரங்கள் பின்னால் ஓடும், நிலா கூடவே வரும். நாம் இடம் மாறும்போது பொருள்கள் திசை மாறித் தெரிவதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். அருகில் உள்ளதற்கு அது அதிகம், தொலைவில் உள்ளதற்குக் குறைவு, வெள்ளிக்கு ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே வண்டி நூறு கிலோமீட்டர் போனாலும் வெள்ளி அதே திசையில் நிற்கும். அது மூன்று கிலோமீட்டரில் இருக்கும் பொருள் என்று ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டவருக்கு இதன் பொருள் ஒன்றே ஒன்றுதான்: அது அவரோடு அதே வேகத்தில் வருகிறது. வண்டியை நிறுத்தினால் அதுவும் நிற்கும். திருப்பினால் ‘பின்தொடரும்’. 1967 அக்டோபரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் காவல்துறையினர் விடியலுக்கு முன் ஓர் ஒளியை வாகனங்களில் துரத்தினார்கள். பிறகு அது தங்களைத் துரத்தியதாகவும் சொன்னார்கள். எட்வர்டு காண்டன் தலைமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயங்கிய ஆய்வுக்குழு இதை விசாரித்து, துரத்தியதும் துரத்தப்பட்டதும் வெள்ளி என்று கண்டது.

இரண்டாவது, மேகம். ரயில் நிலையத்தில் பக்கத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில் நகர்வதுபோல் ஒரு கணம் தோன்றுமே, அதேதான். மேகம் கிழக்கே போக, நட்சத்திரம் மேற்கே பாயும்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு வண்டியும் வேண்டாம், மேகமும் வேண்டாம். இருட்டில் ஒற்றை ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் அது மிதக்கும், வழுக்கும், தயங்கி நிற்கும், திசை மாறும். இதைத் தன்னியக்கத் தோற்றம் என்று சொல்லலாம். நம் கண்கள் எதையும் அசையாமல் பார்ப்பதில்லை. நுணுக்கமாகத் துடித்துக்கொண்டே இருக்கின்றன. சுற்றிலும் சுவர், மரம், கூரை என்று ஏதாவது இருந்தால் அவற்றை ஒப்பிட்டு, ‘அசைந்தது நான்தான்’ என்று மூளை திருத்திக்கொள்ளும். ஒப்பிட ஒன்றுமே இல்லாதபோது கண் அசைந்ததா, ஒளி அசைந்ததா என்று அதற்கே குழப்பம். அறிவியல் பயணி அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் 1799-இல் டெனெரீஃப் தீவின் மலைமேல் நின்று நட்சத்திரங்கள் ஊசலாடுவதைக் கண்டார். அது வானத்தில் நடப்பதாகவே எண்ணினார். ஒரே நட்சத்திரத்தை ஒரே நேரத்தில் பார்க்கும் வேறு வேறு ஆட்களுக்கு அது வேறு வேறு பக்கம் அசைகிறது என்று பின்னாளில் தெரிந்தபோதுதான், அசைவு பார்ப்பவருக்குள் இருப்பது புரிந்தது.

‘நான் மட்டுமா பார்த்தேன்? நாங்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் இடப்பக்கம் போனதைப் பார்த்தோம்’ என்றால்?

1935-இல் முசாபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். இருட்டறை, அசையாத ஒற்றை ஒளிப்புள்ளி. அது எவ்வளவு நகர்ந்தது என்று ஒவ்வொருவரையும் தனியே கேட்டார். ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள். பிறகு குழுவாக உட்காரவைத்து, மற்றவர் சொல்வது காதில் விழும்படி கேட்டார். விடைகள் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கின. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. யாரும் பொய் சொல்லவுமில்லை. இருட்டில் மாடியில் நிற்கும்போது ‘அதோ, கீழே இறங்குது பார்!’ என்று ஒருவர் சொன்ன பிறகு மற்றவர்களின் சாட்சியம் தனித்தனிச் சாட்சியம் ஆகாது. ஐந்து பேரின் வாக்குமூலம் அங்கே ஒருவருடைய வாக்குமூலத்தைவிடச் சற்றே கனமானது, அவ்வளவுதான்.

சுருக்கமாக: நாம் நகர்கிறோம், மேகம் நகர்கிறது, கண் நகர்கிறது. மூன்றின் கணக்கும் அந்தப் பாவப்பட்ட புள்ளியின் பெயரில் எழுதப்படுகிறது.

சிவப்பு, பச்சை, நீலம்

தொட்டித் தண்ணீரின் அடியில் ஒரு நாணயத்தைப் போட்டு, நீரை லேசாகக் கலக்கிவிட்டுப் பாருங்கள். நாணயம் நெளியும். நாம் வானத்தைப் பார்ப்பதும் இப்படித்தான், காற்று என்ற தொட்டியின் அடியிலிருந்து. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரளும்போது நட்சத்திர ஒளி ஒவ்வொரு கணமும் சற்றே வளைந்து வருகிறது. அதனால்தான் மினுமினுப்பு.

கோள்கள் மினுக்காது என்று பள்ளியில் படித்திருப்போம். நட்சத்திரம் நமக்கு வெறும் புள்ளி. அதன் ஒளிக்கற்றை மெல்லியது, காற்று அதை எளிதில் அலைக்கழிக்கும். கோளோ மிக அருகில் இருப்பதால் சிறு வட்டம்; வட்டத்தின் ஒரு பகுதி மங்கும்போது இன்னொரு பகுதி பளிச்சிட்டு ஈடுகட்டிவிடும். ஆனால் இந்த விதி உயரே இருக்கும் கோளுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். அடிவானத்தை ஒட்டிப் பார்க்கும்போது, நேர் மேலே பார்ப்பதைவிடக் கிட்டத்தட்ட 40 மடங்கு காற்றின் ஊடாகப் பார்க்கிறோம். அங்கே வெள்ளியும் நடுங்கும்.

அதே தடித்த காற்று ஒரு பட்டகம்போல நிறங்களைப் பிரிக்கவும் செய்யும். காற்றின் புரட்டலில் ஒரு கணம் சிவப்பு நம் கண்ணை எட்டும், மறுகணம் பச்சை, அடுத்து நீலம். தாழ்வாக நிற்கும் சிரியஸைப் பார்த்தால் இது பிரமாதமாகத் தெரியும். விமானங்களின் சிறகு நுனியில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு இருக்கும் என்று அறிந்தவர், ‘ஒரே இடத்தில் நின்றபடி விளக்குகளை மாற்றி மாற்றி எரியவிட்ட கலம்’ என்று இதை விவரித்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. விவரிப்பு துல்லியமானது, ‘கலம்’ என்ற ஒரு சொல் மட்டும் உபரி.

கைபேசி பிடித்த படம் பொய் சொல்லுமா?

சொல்லும். இருட்டில் ஒரு புள்ளியை நோக்கிக் கைபேசியை நீட்டினால் அதன் தானியங்கிக் குவியம் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் முன்னும் பின்னுமாகத் தேடும். குவியம் விலகிய புள்ளி பெரிய வட்டத் தட்டாக விரியும், மறுபடி சுருங்கும். காணொளியில் அது ‘துடிப்பதாக’த் தெரியும். தட்டின் ஓரத்தில் வெட்டுகளோ உள்ளே வளையங்களோ தெரிந்தால் அவை பெரும்பாலும் லென்ஸின் அமைப்பு, லென்ஸில் படிந்த தூசி. எண்முறை ஜூம் போட்டால் கை நடுங்குவதெல்லாம் கலத்தின் ‘நம்பமுடியாத திருப்பங்கள்’ ஆகிவிடும். ஓரமாக ஒரு கூரையோ கம்பமோ சட்டத்துக்குள் இருக்கும்படி எடுத்த ஒரு மங்கலான படம், இருட்டில் புள்ளியை மட்டும் ஜூம் செய்த பத்து நிமிடக் காணொளியைவிட எவ்வளவோ பயனுள்ளது.

நிஜமாகவே நகர்ந்தால்?

நகரும் ஒளிகளும் இருக்கின்றன. சர்வதேச விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து சில நிமிடங்களில் வானத்தைக் கடக்கும். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் நடுவானிலேயே அணைந்துபோகும். 2019 மே மாதம் தொடங்கி ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், ஏவிய சில நாள்கள்வரை முத்துக்கோத்த சரம்போல வரிசையாக ஊர்ந்து பலரைத் திகைக்கவைத்திருக்கின்றன. இவை தனிக் கட்டுரைக்குரியவை.

அடுத்த முறை பார்க்கும்போது

ஒரு சுவரிலோ கம்பத்திலோ தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, அந்த ஒளி ஏதாவதொரு கூரை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். ஊசலாட்டம் அப்போதே நின்றுவிட்டால் அது கண்ணின் வேலை. பத்து நிமிடம் பொறுங்கள். பூமி சுழல்வதால் நட்சத்திரங்களும் கோள்களும் பெரும்பாலும் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை நகரும். கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஒளி மெதுவாக, சீராக, மேற்கே சரிந்தால் விஷயம் முடிந்தது. ஸ்டெல்லேரியம் போன்ற ஒரு வானவரைபடச் செயலியில் இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால் பெயரையும் சொல்லிவிடும். இருகண்ணோக்கி இருந்தால் இன்னும் நல்லது: வியாழன் பக்கத்தில் அதன் நிலாக்கள் சிறு புள்ளிகளாகத் தெரியும், பூமியை நெருங்கியிருக்கும் நாள்களில் வெள்ளி குட்டிப் பிறையாகவே தெரியும். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து பாருங்கள். நட்சத்திரமானால் அதே இடத்தில், வெறும் நான்கு நிமிடம் முன்னதாக வந்து நிற்கும்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லையென்றால் தேதி, நேரம், திசை, உயரம் நான்கையும் அங்கேயே எழுதிவிடுங்கள். ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க அதிபராவதற்கு முன், ஜார்ஜியாவின் லியரி என்ற சிற்றூரில் ஒரு மாலை, வேறு பலரோடு சேர்ந்து மேற்கு வானில் நிறம் மாறும் ஓர் ஒளியைப் பார்த்தார். 1973-இல் அதைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தபோது, நடந்தது 1969 அக்டோபர் என்று குறிப்பிட்டார். அன்று அவர் பேசவிருந்த கூட்டத்தின் பதிவுகளைத் தேடியவர்களுக்குக் கிடைத்த தேதியோ 1969 ஜனவரி 6. அன்று மாலை மேற்கே வெள்ளி ஜொலித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மாநிலத்திலிருந்து அதே மாலை ஏவப்பட்ட ராக்கெட் ஒன்று வானில் விட்ட பேரியம் என்ற உலோகத்தின் ஆவி மேகமும் ஒளிர்ந்திருக்கும் என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். அது வேற்றுக்கிரக வாகனம் என்று கார்ட்டரும் நம்பவில்லை. எது சரியென்று இன்றும் விவாதிப்பவர்கள் உண்டு. விவாதிக்கவாவது முடிவதற்குக் காரணம், அவர் திசையையும் உயரத்தையும் தாளில் எழுதிவைத்திருந்ததுதான்.